நாடா தெறித்த கை

'உத்தரவு தேவையில்லை' என்று ஒரு படம். தியேட்டருக்கு வந்த படமில்லை. டி.வி.க்காரர்களே எடுத்து, டி.வி.யிலேயே போட்டது. அதில் இன்ஸ்பெக்டர் அக்னிமாறன் என்று ஒரு போலீஸ்காரன். மேலதிகாரி பேச்சைக் கேட்க மாட்டான், சட்டத்தை மதிக்க மாட்டான், கண்ணாடியைக் கழற்றாமல் வசனம் பேச மாட்டான். முதல் விளம்பரம் வருவதற்குள் அவனை சஸ்பெண்ட் செய்துவிடுகிறார்கள். தொப்பியைக் கமிஷனர் மேஜையில் விட்டெறிந்துவிட்டுப் போகிறவன், மிச்சமிருக்கிற இரண்டு மணி நேரமும் அதே காக்கிச் சட்டையோடுதான் திரிகிறான். வேலையே போன பிறகு சட்டை எதற்கு என்று அந்தப் படத்தில் ஒருத்தனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கதை நடப்பது சென்னைக்கு வெளியே ஏதோ ஒரு காட்டிலாம். திருச்சுழி ரோட்டுச் சீமைக்கருவேலம் பாளையம்பட்டிக்காரர்களுக்குத் தெரியாதா என்ன! நாலு மாதத்துக்கு முன்னால் அஞ்சு நாள் இங்கே வந்து புழுதி கிளப்பி எடுத்துக்கொண்டு போன படம். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருவில் பாதிப் பேர் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

தங்கச்செல்வி உட்காரவில்லை. பஸ் ஸ்டாப்பை ஒட்டியிருந்த பலசரக்குக் கடைக்குப் பின்னாலேயே வீடு. புருஷன் ராஜகுரு சாப்பிட உள்ளே வந்தால் அவள் கல்லாவுக்குப் போய்விடுவாள். போலீஸ் படம் ஓடுகிற வீட்டில் இருக்க அவளுக்குப் பிடிக்காது. இரண்டு வருஷமாகவே பிடிக்காது.

"ஏத்தா செல்வி, ஓடியா ஓடியா! ஒந் தம்பி வாரான் படத்துல!"

பக்கத்து வீட்டுப் பேச்சிதான் கத்தினாள். தம்பியா? மதன்குமாரா? தங்கச்செல்வி துவரம்பருப்புப் பொட்டலத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

படத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷன். மூடிக்கிடந்த பழைய பஞ்சு மில்லுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து ஸ்டேஷனாக்கியிருந்தார்கள். திருடர்கள் என்று நாலு பேரைச் சுவரோரம் உட்கார வைத்திருந்தது. அக்னிமாறன் ஒருத்தனை இழுத்து, அவன் வலது கையை மேஜையில் வைத்து அழுத்தினான். திரை முழுக்க அந்தக் கை மட்டும் வந்தது. முகம் வருவதற்கு முன்னாலேயே தங்கச்செல்விக்கு அந்தக் கையைத் தெரிந்துவிட்டது. மணிக்கட்டில் கொட்டைப்பாக்குப் போல ஒரு புடைப்பு, அதற்குமேல் வெளிப்பக்கமாகத் திருகிக்கொண்டு நிற்கிற உள்ளங்கை. எத்தனை நாள் எண்ணெய் போட்டு உருவிவிட்ட கை!

அக்னிமாறன் லத்தியை ஓங்கினான். மதன்குமார் அலறினான்.

"சார், வலது கை வேண்டாம் சார்! இழை முடிச்சுப் போடுற கை சார்! எடது கையில அடிங்க சார்!"

லத்தி இறங்கியது. அக்னிமாறன் கண்ணாடியைக் கழற்றி, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்னு எழுதிக்கோ" என்றான். தெருவே சிரித்தது. அடுத்த வீட்டுச் சிரிப்பும் எதிர் வீட்டுச் சிரிப்பும் ஜன்னல் வழியாக வந்தன. ராஜகுருவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே திரும்பியவன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததும், வாயிலிருந்த சோற்றை விழுங்கத் தெரியாமல் விழித்தான்.

"சும்மா படந்தானத்தா" என்றான்.

"சிரிங்க. நல்லாச் சிரிங்க. அவன் நெசமாவே அலறுனப்போ நீங்க பக்கத்துல இல்லேல, இப்பச் சிரிச்சுக்கோங்க."

டி.வி.யில் பாத்திரம் விளக்கும் சோப்புக்கு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள்.

மதன்குமார் அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டியவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வந்தவனைப் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் மறித்தார். பைக்கை எடுறா என்றார். 'டா' போடாமல் சொல்லுங்க சார் என்று இவன் சொல்லிவிட்டான். அவ்வளவுதான் இவன் செய்த குற்றம். மறுநாள் காலையில் பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்தான். ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று சீட்டில் எழுதியிருந்தது. செல்போன் திருடியதாக ஒரு கேஸும் போட்டிருந்தார்கள். அது பின்னால் நிற்காமல் போனது. ஆனால் மாவுக்கட்டோடு அவன் உட்கார்ந்திருந்த போட்டோ, அதற்குக் கீழே சிரிக்கிற மூஞ்சிப் பொம்மைகளோடு, ஊரிலுள்ள போன்களிலெல்லாம் ஒரு வாரம் சுற்றியது.

காய்ச்சலில் உளறியபோதுதான் ஸ்டேஷனில் நடந்ததை அவன் சொன்னான். அக்காக்காரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். வலது கை வேண்டாம், இடது கையில் அடியுங்கள் என்று கெஞ்சினானாம். அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுகிறது வலது கை. அது போனால் தறிக்காரனுக்கு மிச்சமென்ன? அடியைத் தடுக்க முடியாது என்று தெரிந்தவன், பிழைக்கிற கையையாவது காப்பாற்றப் பார்த்திருக்கிறான். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் வலது கையில் அடித்தாராம். இதை ஒரு வார்த்தை விடாமல் எழுதித்தான் தங்கச்செல்வி மனித உரிமை ஆணையத்துக்கு மனுப்போட்டாள். காய்ச்சல் விட்டபிறகு தம்பி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டு வருஷமாக ஒருவரிடமும் சொல்லவில்லை.

யாராவது கேட்டால், "நாடா தெறிச்சிருச்சு" என்பான்.

தறியில் குறுக்கு நூலைக் கொண்டு பாய்கிற கட்டைதான் நாடா; தறித் தெருக்களில் அது போதும். ஓடுகிற தறியிலிருந்து நாடா தெறித்து விரல் போனவன் உண்டு, பல் போனவன் உண்டு, கண் போனவனும் உண்டு. நாடா என்று சொன்னால் மேற்கொண்டு யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

தம்பியைத் தேடி அவளே போனாள். இப்போது அவன் அந்தப் பழைய மில்லுக்கு எதிரில் ஒரு பஞ்சுக் குடோனுக்கு வாட்ச்மேன். வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். அக்காவைக் கண்டதும் எழுந்துவிட்டான்.

"ஏலே, உனக்கு வெக்கமா இல்ல? அந்தக் கையக் கொண்டுபோயி அவனுகளுக்குக் காட்சிக்கு வச்சியா?"

"அக்கா..."

"அக்காவாம் அக்கா! ஊரே சிரிக்குது. ஒத்தக் காலுல நின்னு நாங் கேஸ் நடத்துறேன், நீ காக்கிச் சட்டக்காரங்கிட்ட அடிவாங்கி நடிச்சுட்டு வாரியா? பிரியாணிப் பொட்டலத்துக்கா?"

அவன் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். அவள் வாய் ஓய்ந்தபிறகு மெதுவாகச் சொன்னான்.

"டீ குடிச்சிட்டு இருந்தேங்க்கா. அசிஸ்டென்ட் டைரக்டராம், ஒருத்தரு வந்து கையப் பாத்தாரு. இதுக்கு மேக்கப்பே வேணாம், சூப்பரா இருக்குன்னாரு. எல்லாரும் இந்தக் கையப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிருவாக. அவரு ஒருத்தருதாங்க்கா பிடிச்சு உத்துப் பாத்தாரு. ஆகும்னு சொன்னாரு."

"அந்த வசனம்? அதையும் அவனுகதான் எழுதிக் குடுத்தானுகளா?"

"ஐயோ அம்மானு கத்தச் சொன்னாங்க. லத்தியத் தூக்குனதும் அது வாயில வந்துருச்சு. நடிக்கிறோம்ங்கிறதே மறந்துபோச்சு. கால்சட்டை நனைஞ்சுருச்சுக்கா." கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "டைரக்டரு கைதட்டுனாரு. நேச்சுரலா இருக்கு, அப்படியே வச்சுக்கிருவோம்னாரு."

தங்கச்செல்விக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அதை இவன்மேல் கொட்ட முடியாமல் போயிற்று. குடோன் சுவரில் அந்தப் படத்தின் போஸ்டர் பாதி கிழிந்து தொங்கியது. அக்னிமாறனின் மூஞ்சியை நகத்தால் கீறி, மிச்சத்தையும் கிழித்தெறிந்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஒன்பதாம் நாள் மதுரையில் விசாரணை. ஆணையத்திலிருந்து வந்து ஒரு விருந்தினர் மாளிகையில் உட்கார்ந்து விசாரிப்பார்கள். இதற்கு முன்னால் பதினோரு தடவை போய் வந்தாயிற்று. எஸ்.ஐ. வரவில்லை, வக்கீல் வரவில்லை, அதிகாரி வரவில்லை என்று பதினோரு தடவையும் தள்ளிப்போட்டார்கள். இந்தத் தடவை எஸ்.ஐ. வருகிறார். மதன்குமாரின் வாக்குமூலம் எடுக்கிற நாள்.

அக்காவும் தம்பியும் பஸ்ஸில் போனார்கள்; காரியாபட்டியில் அவர்கள் வக்கீல் சுபத்ரா ஏறி, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். சின்ன வயசுதான், ஆனால் உடைத்துப் பேசுவாள்.

"ஆஸ்பத்திரிச் சீட்டுல வழுக்கி விழுந்தான்னு இருக்கு. பாத்த சாட்சி கெடையாது. தம்பி வாயத் தொறந்து, இவருதான் அடிச்சாருன்னு அவரு முன்னால சொன்னாத்தான் கேஸ் நிக்கும் செல்விக்கா. சொல்லலைன்னா இன்னையோட முடிஞ்சிரும்."

"சொல்லுவான்" என்றாள் தங்கச்செல்வி. மதன்குமார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். வலது கையைத் துண்டுக்குள் மறைத்து வைத்திருந்தான்.

எஸ்.ஐ. வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். தலைக்கு மை அடித்து, நெற்றியில் விபூதி இட்டு, யார் கல்யாணத்துக்கோ புறப்பட்டவர் மாதிரி இருந்தார். மதன்குமாரைப் பார்த்து, "என்ன தம்பி, சவுக்கியமா?" என்று வேறு கேட்டார். அவன் தன்னையறியாமல் எழுந்து நின்றான். தங்கச்செல்வி அதைப் பார்த்தாள். அடித்தவன் உட்கார்ந்திருக்கிறான், அடிவாங்கியவன் எழுந்து நிற்கிறான்!

விசாரித்த அதிகாரி வயதானவர், ஓய்வுபெற்ற நீதிபதி. மதன்குமாரை முன்னால் வரச் சொன்னார். அவன் பெயரைச் சொன்னான், ஊரைச் சொன்னான். அதற்குமேல் தொண்டையை விட்டு எதுவும் வரவில்லை. எஸ்.ஐ.யின் வக்கீல் எழுந்து, பேச்சுக்கு முன்னால் ஒரு வீடியோவைக் காட்டிவிடுகிறேன் என்று லேப்டாப்பைத் திருப்பி வைத்தார்.

டி.வி.க்காரர்கள் தங்கள் யூடியூப்பில் போட்டிருந்த 'ஷூட்டிங் கலாட்டா' அது. மைக் பிடித்த ஒரு பெண் மதன்குமாரிடம், "அண்ணா, உங்க கை செம டெரரா இருக்கே, எப்படிண்ணா?" என்று கேட்டாள். திரையிலிருந்த மதன்குமார் வெட்கப்பட்டுச் சிரித்தான். பின்னால் அக்னிமாறன் அவன் தோளில் கை போட்டு நின்றான்.

"நாடா தெறிச்சிருச்சுங்க. வேற ஒண்ணுமில்ல. வேலைக்கெல்லாம் நல்லா வளையும்."

வக்கீல் அங்கே நிறுத்தினார். "இதற்குமேல் நான் என்ன சொல்ல இருக்கிறது அய்யா? தறியில் அடிபட்ட கை. தம்பி நல்ல நடிகரும்கூட."

அந்த மூன்று வாக்கியமும், வார்த்தை பிசகாமல், தங்கச்செல்வியின் வாக்கியம். போன வருஷம் கமுதிப் பக்கமிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வந்தபோது, போலீஸ் அடித்தது என்றால் பையன் மேல் கேஸ் என்றாகிவிடும் என்று பயந்து, காப்பித் தம்ளரை நீட்டிக்கொண்டே அவள்தான் சொன்னாள். 'நாடா தெறிச்சிருச்சுங்க. வேற ஒண்ணுமில்ல. வேலைக்கெல்லாம் நல்லா வளையும்.' பக்கத்தில் உட்கார்ந்து தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சம்பந்தமும் அமையவில்லை. பொய் மட்டும் இவனிடம் தங்கிவிட்டது. அதற்கு முன்னால் தெருவில் ஒப்புக்கு 'நாடா' என்று ஒற்றை வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு, அதை முழுசாக, சிரித்த முகத்தோடு சொல்லப் பழக்கியவள் அவள். எஸ்.ஐ. கையை ஒடித்தார், வாயை அடைத்தது யார்?

"இது நீங்கள் சொன்னதுதானே?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமாங்கய்யா" என்றான் மதன்குமார்.

சுபத்ரா கண்ணை மூடிக்கொண்டாள். எஸ்.ஐ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போடுகிற முகம்.

"அய்யா!" தங்கச்செல்வி எழுந்துவிட்டாள். உட்காரும்மா என்று யாரோ அதட்டினார்கள். அவள் உட்காரவில்லை.

"அது எம் பொய்யிங்கய்யா. நாஞ் சொல்லிக் குடுத்தது. அடிச்சதச் சொன்னா இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? அடிச்சவருக்கு ஒரு அவமானமும் இல்ல, புரமோசன் கேட்டுட்டு நிக்காரு. அடிவாங்குனவன்தான மூஞ்சிய மறைக்க வேண்டியிருக்கு இந்த ஊர்ல? எம்மேல கேஸ் போடுங்க. ஆனா வீடியோவ மட்டும் பாத்தா எப்படிங்கய்யா? படத்தையும் பாருங்க. இவன் வார இடம் ஒரு நிமிசங்கூட இருக்காது."

"எந்தப் படம்?" என்றார் அதிகாரி.

எஸ்.ஐ.யின் வக்கீல் விழித்தார். வீடியோவைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தவருக்கே படத்தின் பெயர் ஞாபகமில்லை. ஒன்பதே நாள். தெருவில் சிரித்தவர்களுக்கும் இந்நேரம் மறந்துபோயிருக்கும்.

"உத்தரவு தேவையில்லை" என்றாள் தங்கச்செல்வி, பல்லைக் கடித்துக்கொண்டு. "அதாங்கய்யா பேரு."

வக்கீல் ஆட்சேபித்தார். அதிகாரி கையமர்த்திவிட்டு, போடச் சொன்னார். சுபத்ரா போனில் தேடி எடுத்து மேஜையில் வைத்தாள். மில் சுவரின் பச்சைப் பெயின்ட் வந்தது. கை வந்தது. லத்தி எழுந்தது.

'சார், வலது கை வேண்டாம் சார்! இழை முடிச்சுப் போடுற கை சார்! எடது கையில அடிங்க சார்!'

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சுபத்ரா மனுவின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, ஒரு வரிக்குக் கீழே விரலை வைத்து நீட்டினாள். அதிகாரி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். தேதியைப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. அதிலும் அதே வார்த்தைகள். மறுபடியும் படித்துவிட்டுத் தலைநிமிர்ந்தார்.

"இந்த வசனத்தை உனக்கு யார் எழுதிக் கொடுத்தது?"

"மனுவை மனப்பாடம் பண்ணியிருக்கிறான் அய்யா" என்று வக்கீல் குறுக்கே விழுந்தார்.

"நான் அவனைக் கேட்டேன்."

மதன்குமார் திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்ததெல்லாம் போதும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்ட வார்த்தையை அவள் விழுங்குவது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

"யாரும் எழுதலைங்கய்யா" என்றான். "நான் ஸ்டேஷன்ல கத்துனது."

"யாரிடம் கத்தினாய்?"

மதன்குமார் துண்டை உதறிவிட்டு வலது கையைத் தூக்கினான். எஸ்.ஐ.க்கு நேராகத்தான் நீட்டினான். ஆனால் திருகிக்கிடந்த மணிக்கட்டு விரலை வேறு பக்கம் கொண்டுபோயிற்று. விரல் ஜன்னலைக் காட்டியது. இன்னும் முயன்றான், புடைப்பில் நரம்பு தெறிக்க முயன்றான். அது ஜன்னலைத்தான் காட்டியது. எஸ்.ஐ.யின் மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது.

அந்தச் சிரிப்பை மதன்குமாரும் பார்த்தான். வலது கையை மெதுவாக இறக்கினான். அன்றைக்கு அடிக்கச் சொல்லி நீட்டிய இடது கையைத் தூக்கி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். அது ஆடவில்லை.

"இந்தா இவருகிட்டங்கய்யா."